ஏற்காட்டு வீட்டுக் கூடத்துக்கு ‘ஸீ சால்ட்’ ஏற்றதா, ‘ரெயின்வாஷ்டு’ ஏற்றதா?

கேள்வி: நாகலூர் சாலை வீட்டுக்காரர், ஏற்காடு

அனைவருக்கும் வணக்கம். ஏற்காட்டிலிருந்து நாகலூர் செல்லும் சாலையில் என் மாமனார் காலத்து ஓட்டு வீடு ஒன்று எங்களுக்கு உள்ளது. அதன் கூடத்துக்கும் அதை ஒட்டிய படுக்கையறைக்கும் இந்தக் கோடையில் புதிதாக வண்ணம் பூச எண்ணியிருக்கிறோம். அமெரிக்காவில் வசிக்கும் எங்கள் மகள், தன் வீட்டுக் கூடத்துக்கு ஷெர்வின் வில்லியம்ஸ் நிறுவனத்தின் ‘ஸீ சால்ட்’ (எண் 6204) என்னும் வண்ணத்தையும், படுக்கையறைக்கு அதே நிறுவனத்தின் ‘ரெயின்வாஷ்டு’ (எண் 6211) என்னும் வண்ணத்தையும் பூசியிருக்கிறாள். சென்ற முறை ஊருக்கு வந்தபோது இரண்டின் மாதிரித் தாள்களையும் கொண்டுவந்து கொடுத்தாள். அவற்றுள் ஒன்றையே இங்கும் பூச வேண்டும் என்பது அவளுடைய ஆசை. என் மனைவிக்கும் அதில் உடன்பாடுதான்.

எனக்கு ஏற்பட்டிருக்கும் சிக்கல் இதுதான். இரண்டு தாள்களையும் கையில் சேர்த்துப் பிடித்துப் பார்த்தால், முதலாவது சாம்பல் கலந்த வெளிர் பச்சையாகவும், இரண்டாவது சற்றே அழுத்தமான நீலப்பச்சையாகவும் தெளிவாகப் பிரிந்து தெரிகின்றன. ஆனால் ஒன்றைக் கூடத்திலும் மற்றொன்றைப் படுக்கையறையிலும் தனித்தனியே ஒட்டிவிட்டுப் பார்த்தால், எந்த அறையில் எதை ஒட்டினோம் என்று பின்பக்கம் திருப்பிப் பார்த்துத்தான் சொல்ல முடிகிறது. காலையில் பச்சையாகத் தோன்றியது மூடுபனி இறங்கியதும் வெறும் சாம்பலாகிவிடுகிறது. இரவில் விளக்கைப் போட்டால் இரண்டுமே வேறு ஏதோ நிறமாகத் தெரிகின்றன.

கூடத்தின் கிழக்குச் சுவரில் இரண்டு பெரிய ஜன்னல்கள் உள்ளன. அவற்றுக்கு வெளியே காப்பிச் செடிகளும் சில்வர் ஓக் மரங்களும் நெருக்கமாக நிற்கின்றன. வடக்கே தாழ்வாரம் இருப்பதால் அந்தப் பக்கத்திலிருந்து நேர் வெளிச்சம் வருவதில்லை. தரை பழைய சிவப்பு சிமென்ட். கதவுகளும் நிலைகளும் மெருகேற்றிய தேக்கு. படுக்கையறைக்கு மேற்கே ஒரே ஜன்னல். அதற்கு வெளியே மரங்கள் இல்லாத திறந்த சரிவு.

கூடத்துக்கு எது பொருந்தும், படுக்கையறைக்கும் அதையே பூசலாமா, இந்த நிறங்களைச் சேலத்தில் கலந்து வாங்க முடியுமா என்பவை என் கேள்விகள். வடக்கு நோக்கிய அறைக்கு இப்படி, தெற்கு நோக்கிய அறைக்கு அப்படி என்று வெளிநாட்டுக் குறிப்புகள் பலவற்றில் படித்தேன். அவை நம் ஊருக்கும் பொருந்துமா என்பதையும் அறிய விரும்புகிறேன்.

பதில்: உள்ளலங்கார வடிவமைப்பாளர், அழகாபுரம், சேலம்

வணக்கம் ஐயா. இந்த இரண்டு வண்ணங்களையும் பற்றிப் பேசும்போது ‘பச்சை’, ‘நீலப்பச்சை’ என்னும் பெயர்களைச் சற்று ஒதுக்கிவைத்துவிட்டு, நிறுவனமே வெளியிட்டிருக்கும் எண்களைப் பார்ப்பது நல்லது. சுவரில் விழும் வெளிச்சத்தில் எத்தனை விழுக்காட்டை அந்த வண்ணம் திருப்பித் தருகிறது என்பதைக் காட்டும் எல்.ஆர்.வி. என்னும் அளவு ஸீ சால்ட்டுக்கு 63, ரெயின்வாஷ்டுக்கு 59. அதாவது இரண்டும் வெளிர் நிறங்களே. இரண்டாவது ஒரு படி மட்டுமே அடர்த்தியானது.

அதைவிட முக்கியமானது, திரையில் காட்டுவதற்காக அவர்கள் தரும் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்று எண்கள். ஸீ சால்ட்டுக்கு அவை 205, 210, 202. ரெயின்வாஷ்டுக்கு 194, 205, 197. இரண்டிலும் பச்சைதான் உச்சம் என்றாலும், ஸீ சால்ட்டில் மிகக் குறைவாக இருப்பது நீலம், ரெயின்வாஷ்டில் மிகக் குறைவாக இருப்பது சிவப்பு என்பதைக் கவனியுங்கள். ஆகவே முதலாவது சற்றே மஞ்சள் பக்கம் சாய்ந்த சாம்பல் பச்சை. இரண்டாவது நீலத்தின் பக்கம் சாய்ந்த பச்சை. மேலும், ஸீ சால்ட்டில் மூன்று எண்களுக்கும் இடையே உள்ள வேறுபாடு 8 மட்டுமே. ரெயின்வாஷ்டில் அது 11. வேறுபாடு குறையக் குறைய நிறம் சாம்பலை நெருங்கும். நீங்கள் தனித்தனியே பார்க்கும்போது குழம்புவதற்கும், பனி இறங்கியதும் நிறம் காணாமற்போவதற்கும் இதுவே காரணம்.

என் பரிந்துரை கூடத்துக்கு ரெயின்வாஷ்டு. சேலத்தில் ஒரு அடுக்ககத்துக்கு என்றால் நான் தயங்காமல் ஸீ சால்ட்டைத்தான் சொல்லியிருப்பேன். சமவெளியின் கடுமையான வெயிலில் அது அடங்கி, கண்ணுக்கு இதமாக நிற்கும். ஆனால் ஏற்காட்டில் மழைக்காலத்திலும் மார்கழியிலும் பகல் முழுவதும் வெளிச்சம் மங்கியிருக்கும் நாட்கள் பல உண்டு. அந்த நாட்களில் ஸீ சால்ட் பூசிய சுவர், வண்ணம் பூசப்படாமல் பிரைமரோடு நிறுத்தப்பட்ட சுவரைப் போலத்தான் தோன்றும். நான்கு சுவர்களிலும் பூசும்போது ஒரு சுவரில் பட்ட ஒளி மற்றொன்றில் பட்டுத் திரும்புவதால் நிறம் தாளில் இருப்பதைவிடக் கூடும் என்பது உண்மைதான். எனினும் கூடுவதற்கு முதலில் நிறம் என்று ஒன்று இருக்க வேண்டும் அல்லவா?

கூரைப் பலகைக்கு யானைத் தந்தத்தின் நிறமுள்ள வெள்ளை பூச வேண்டாம். மஞ்சள் சாயல் உள்ள வெள்ளைக்குப் பக்கத்தில் ரெயின்வாஷ்டு அளவுக்கு மீறிய நீலமாகத் தோன்றும். சாயல் எதுவும் சேர்க்காத வெள்ளையே போதும்.

பதில்: ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர், அஸ்தம்பட்டி

மேலே எழுதிய அம்மையாரின் எண்கள் சரியானவை. ஆனால் எண்கள் வண்ணத்தைப் பற்றியவை. உங்கள் சிக்கலோ பெரிதும் வெளிச்சத்தைப் பற்றியது. எனவே உங்கள் கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன்.

வடக்கு நோக்கிய அறையில் குளிர்ந்த ஒளி, தெற்கு நோக்கிய அறையில் வெதுவெதுப்பான ஒளி என்னும் விதி, ஏறக்குறைய 40 பாகை வடக்கே உள்ள நாடுகளில் எழுந்தது. நியூயார்க் போன்ற இடங்களில் நண்பகல் சூரியன் ஆண்டு முழுவதும் தெற்குப் பக்கத்திலேயே இருக்கும். டிசம்பரில் அது அடிவானத்திலிருந்து 26 பாகை உயரத்துக்கு மேல் ஏறுவதில்லை. சேர்வராயன் மலையோ 12 பாகைக்கும் சற்றுக் குறைந்த அட்சரேகையில் உள்ளது. இங்கு ஏறக்குறைய ஏப்ரல் 21 முதல் ஆகஸ்ட் 22 வரை நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே நிற்கிறது. அந்த மாதங்களில் காலையிலும் மாலையிலும் வடக்கு ஜன்னலில் சாய்வான வெயில் விழும். டிசம்பரில்கூட நண்பகல் சூரியன் 55 பாகை உயரத்தில் இருப்பதால், முன்னால் நீண்ட ஓட்டுக் கூரை தெற்கு ஜன்னலின் நேர் வெயிலைப் பெரும்பாலும் மறைத்துவிடும். ஆகவே நம் ஊரில் அறையின் நிறத்தைத் தீர்மானிப்பவை கிழக்கும் மேற்கும்தான். வடக்கு தெற்கு விதியை நீங்கள் கணக்கில் எடுக்க வேண்டியதில்லை.

இனி, உங்கள் கூடம். கிழக்கு வெயில் அதற்குள் நேரடியாக வருவதில்லை. காப்பி இலைகளின் மீதும் சில்வர் ஓக் இலைகளின் மீதும் பட்டு, அவற்றின் ஊடாக வடிந்து வருகிறது. இலைகள் ஒளியின் சிவப்பையும் நீலத்தையும் உறிஞ்சிக்கொண்டு, 550 நானோமீட்டர் அலைநீளத்தை ஒட்டிய பச்சையை மட்டும் ஓரளவு திருப்பி அனுப்புகின்றன. நீலம் குறைந்த அந்த ஒளியில் ரெயின்வாஷ்டின் நீலச் சாயல் வெளிப்பட வழியில்லை. ஜன்னலை ஒட்டிய சுவர்களில் அது பச்சையாகவே தெரியும். உள்ளே தள்ளியிருக்கும் சுவர்களில்தான் நீலம் தலைகாட்டும். ஸீ சால்ட் அதே ஒளியில் மெல்லிய பச்சையாக நன்கு விளங்கும். அதாவது தோட்டத்தில் வெயில் அடிக்கும் நாட்களில் உங்கள் கூடத்தில் இரண்டு வண்ணங்களும் ஒன்றையொன்று நெருங்கிவிடுகின்றன. பனி மூடிய நாட்களில் நிலைமை வேறு. அப்போது மரங்களின் பச்சையையும் பனித்திரை மறைத்துவிட, எந்தச் சாயலும் அற்ற ஒளி, ஏறக்குறைய 6500 கெல்வின் நிறவெப்பநிலையில் (ஒளி மஞ்சள் பக்கமா நீலப் பக்கமா என்பதைக் காட்டும் அளவு இது; எண் குறைந்தால் மஞ்சள், கூடினால் நீலம்), எல்லாப் பக்கங்களிலிருந்தும் ஒரே அளவில் வருகிறது. இந்த ஒளியில்தான் இரண்டின் உண்மையான வேறுபாடும் வெளிப்படுகிறது. அம்மையார் சொன்னது இந்த நாட்களைப் பொறுத்தவரை முற்றிலும் பொருந்தும்.

பலரும் தரையை மறந்துவிடுகிறார்கள். சிவப்பு சிமென்ட் தரை இரண்டு வேலைகளைச் செய்கிறது. அவை ஒன்றுக்கொன்று எதிரானவை. தரையில் நேரடியாக வெயில் விழும்போது அதிலிருந்து எழும் செந்நிற ஒளி சுவரின் கீழ்ப்பகுதியில் பட்டு, அங்குள்ள பச்சையைக் கரைத்துச் சாம்பலாக்கும். வெயில் இல்லாதபோது அந்த ஒளி இல்லை. மாறாக, சிவப்பைப் பார்த்துப் பழகிய கண் அதன் எதிர்நிறமாகிய நீலப்பச்சையைச் சுவரில் கூட்டிக் காணும். பிரெஞ்சு வேதியியலாளர் செவ்ரல் 19ஆம் நூற்றாண்டில், சாயத் தொழிற்கூடம் ஒன்றை நடத்திவந்தபோது ஆராய்ந்து விளக்கிய உண்மை இது. பக்கத்தில் இருக்கும் நிறம் ஒவ்வொரு நிறத்தையும் தன் எதிர்நிறத்தின் பக்கம் தள்ளும். எனவே சிவப்புத் தரையும் தேக்கும் உள்ள உங்கள் கூடத்தில், ஸீ சால்ட்கூடத் தாளில் தெரிவதைவிடச் சற்றுப் பச்சையாகவே தெரியும் என்பது என் கணிப்பு. வெள்ளை டைல்ஸ் தரை உள்ள வீட்டில் பார்த்து முடிவெடுத்தால் உங்கள் வீட்டுக்கு அது பொருந்தாது.

இரவு வெளிச்சத்தைப் பற்றி முடிவெடுக்காமல் வண்ணத்தை முடிவு செய்யாதீர்கள். மாலை 6 மணிக்கு மேல் அறையில் இருக்கப்போவது சூரியன் அல்ல, நீங்கள் மாட்டும் எல்.இ.டி. விளக்கு. 2700 கெல்வின் மஞ்சள் விளக்கில் ரெயின்வாஷ்டு தன் நீலத்தை இழந்து வெறும் பச்சையாகும். ஸீ சால்ட் காவி கலந்த சாம்பலை நோக்கிச் செல்லும். நம் பக்கத்தில் வழக்கமாக மாட்டும் 6500 கெல்வின் வெள்ளை விளக்கிலோ ரெயின்வாஷ்டு வெளிர் நீலமாகவே தோன்றும்.

தாளை நம்பாதீர்கள். இரண்டடிக்கு இரண்டடி அளவில் ஒட்டுப்பலகைத் துண்டுகளை எடுத்து, வெள்ளைப் பிரைமர் பூசி, அதன் மேல் இரண்டு கோட்டு வண்ணத்தை, ஓரத்தில் வெள்ளை விளிம்பு விட்டுப் பூசுங்கள். பழைய சுவரின் நிறத்துக்கு நடுவே வைத்துப் பார்த்தால் அது கண்ணை ஏமாற்றும் என்பதற்காகத்தான் அந்த விளிம்பு. பலகையைச் சுவரோடு செங்குத்தாகச் சாய்த்து, கூடத்தின் உட்சுவரிலும் ஜன்னல் சுவரிலும் படுக்கையறையிலும் மாற்றி மாற்றி வையுங்கள். கைப்பேசியில் படம் எடுத்து மகளுக்கு அனுப்பி அவருடைய கருத்தைக் கேட்பது வேண்டாம். கேமரா தானாகவே வெள்ளையைச் சரிசெய்துகொள்வதால், மனிதக் கண் காணும் நுட்பமான சாயல்தான் முதலில் தொலையும்.

பதில்: பெயின்ட் வணிகர், செவ்வாய்ப்பேட்டை

அந்த நிறுவனத்தின் வீட்டு வண்ணங்களைச் சேலம் கடைகளில் வைத்து விற்பதில்லை. எனவே நீங்கள் வாங்கப்போவது ஸீ சால்ட்டோ ரெயின்வாஷ்டோ அல்ல, அவற்றுக்கு ஒப்பாக நம் ஊர் நிறுவனம் ஒன்றின் எமல்ஷனில் கலந்து எடுத்த நிறம் என்பதை முதலில் மனத்தில் கொள்ளுங்கள். இதில் தவறு ஒன்றுமில்லை. ஆனால் எப்படிக் கலக்கிறோம் என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது.

மாதிரித் தாளை நிறமானியின் கீழ் வைத்தால், அது ஒளியின் ஒவ்வொரு அலைநீளத்திலும் எவ்வளவு திரும்புகிறது என்று அளந்து, எங்களிடம் உள்ள சாயங்களைக் கொண்டு மிக நெருங்கிய கலவையைக் கணக்கிட்டுத் தரும். தாள் மடங்காமலும் கறைபடாமலும் இருக்க வேண்டும். கைப்பேசிப் படத்தையோ இணையத்தில் உள்ள எண்களையோ காட்டிக் கலக்கச் சொன்னால், அதற்கு எந்தக் கடையிலும் உறுதி தர முடியாது. மகள் கொண்டுவந்தது சிறிய துண்டாக இருந்தால், அந்த நிறுவனமே விற்கும் பெரிய ஒட்டுத்தாள் மாதிரியை வாங்கி அனுப்பச் சொல்லுங்கள்.

இப்போது ஒரு கணக்கு. வடிவமைப்பாளர் தந்த எண்களை வைத்துப் பார்த்தால், இந்த இரண்டு வண்ணங்களுக்கும் இடையே உள்ள வேறுபாடு, எங்கள் தொழிலில் டெல்டா ஈ என்று சொல்லும் அலகில் ஏறக்குறைய 3 வருகிறது. பழகிய கண்ணுக்கு 1 அலகு வேறுபாடு அரிதாகத் தெரியும். வேறு நிறுவனத்தின் வண்ணத்தை ஒப்பிட்டுக் கலக்கும்போது 1 அலகு பிசகுவது சாதாரணம். அப்படியானால் பிசகு மட்டுமே இரண்டு வண்ணங்களுக்கும் இடையே உள்ள தூரத்தில் மூன்றில் ஒரு பங்கை விழுங்கிவிடும். ரெயின்வாஷ்டு சற்று மஞ்சள் பக்கம் பிசகினால் அது ஸீ சால்ட்டின் அண்ணன் ஆகிவிடும். ஸீ சால்ட் நீலத்தின் பக்கம் பிசகினால் ரெயின்வாஷ்டின் தம்பி ஆகிவிடும். ஆகவே கலந்த வண்ணத்தைத் தட்டில் தடவி, முழுவதும் உலர்ந்த பிறகு, தாளோடு ஒட்டிவைத்துப் பார்த்துவிட்டுத்தான் மீதியைக் கலக்கச் சொல்ல வேண்டும். ஈரத்தில் எமல்ஷன் வெளுத்துத் தெரியும். உலர்ந்ததும் அடர்த்தி கூடும்.

வேறொரு சிக்கலும் உண்டு. வாடிக்கையாளர்கள் பெரும்பாலும் இதை அறிவதில்லை. கடையின் டியூப்லைட்டின் கீழ் இம்மியும் பிசகாமல் ஒத்துப்போகும் இரண்டு நிறங்கள், வெயிலுக்குக் கொண்டுபோனால் வேறுபடலாம். அவர்கள் பயன்படுத்திய சாயங்களும் நாங்கள் பயன்படுத்தும் சாயங்களும் வேறாக இருப்பதே காரணம். வெளிர் நீலப்பச்சைகளை வெள்ளை பேஸில், அதாவது சாயம் சேர்க்கும் முன் உள்ள அடிப்படை வண்ணத்தில், தாலோ நீலம், தாலோ பச்சை, மஞ்சள் ஆக்சைடு, கறுப்பு ஆகியவற்றை மிகச் சிறிய அளவுகளில் சேர்த்து எடுக்கிறோம். அவற்றுள் எதைக் குறைத்து எதைக் கூட்டி அதே நிறத்துக்கு வந்தோம் என்பதைப் பொறுத்து, மஞ்சள் விளக்கில் அதன் நடத்தை மாறும். எனவே உலர்ந்த தட்டைக் கடைக்கு வெளியே நிழலிலும், பிறகு உங்கள் வீட்டில் மாட்டப்போகும் அதே விளக்கின் கீழும் தாளோடு ஒப்பிடுங்கள். பகலில் ஒத்து, இரவில் ஒவ்வாமல் போனால் வேறு கலவை கேட்கலாம். பெரும்பாலான மென்பொருள்கள் ஒரே நிறத்துக்கு இரண்டு மூன்று கலவைகளைக் காட்டும்.

தாலோ சாயங்கள் வீரியம் மிக்கவை. ஒரு லிட்டர் டப்பாவில் அரைத்துளி கூடினாலும் சாயல் மாறும். 10 லிட்டர், 20 லிட்டர் வாளியில் அதே அரைத்துளி தெரியாது. ஆகையால் ஒரு அறைக்குத் தேவையான முழு அளவையும் ஒரே வாளியில், ஒரே நாளில் கலந்து வாங்குங்கள். இரண்டு வாளி தேவைப்பட்டால் பூசுவதற்கு முன் இரண்டையும் பெரிய டிரம்மில் ஊற்றிக் கலந்துவிட வேண்டும். மலைக்கு மேல் ஏறிய பிறகு ஒரு லிட்டர் குறைகிறது என்று திரும்பவும் இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி வந்து வாங்கிப்போவோர், மூலையில் திட்டுத் தெரிகிறது என்று வருந்துவதைப் பார்த்திருக்கிறேன்.

பதில்: குகைப் பகுதி வாசகர், சேலம்

எல்லோரும் நுணுக்கமாக எழுதியிருக்கிறீர்கள். ஆனால் கடைக்காரர் சொன்ன முதல் செய்தியிலேயே கேள்வி முடிந்துவிடவில்லையா? எப்படியும் ஒப்பாகக் கலந்த நிறம்தான் வரப்போகிறது என்றால், நம் ஊர் நிறுவனங்களின் ஷேடு கார்டிலேயே இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கும் பச்சைகள் எத்தனையோ உள்ளன. அதில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தால், ஐந்து ஆண்டுக்குப் பிறகு ஒரு சுவரை மட்டும் திருத்தவேண்டி வந்தாலும் குறியீட்டு எண்ணைச் சொல்லி அதையே வாங்கலாம். அமெரிக்க வெளிச்சத்துக்காகத் தேர்ந்த நிறத்தை ஏற்காட்டு வெளிச்சத்தில் தேடுவானேன்? மகளின் ஆசை என்பது வேறு. அதற்கு நான் மறுப்புச் சொல்லவில்லை.

கேள்வி கேட்டவர் மறுமொழி: நாகலூர் சாலை வீட்டுக்காரர்

எல்லோருக்கும் நன்றி. ஆசிரியர் ஐயா சொன்னவாறே பலகைகளைச் செய்து பார்த்தேன். அவர் எழுதியது பெரும்பாலும் அப்படியே நிகழ்ந்தது. வெயில் அடித்த காலைகளில் கூடத்து ஜன்னல் ஓரத்தில் இரண்டு பலகைகளையும் பிரித்தறிய முடியவில்லை. பனி இறங்கிய பிற்பகலில் ஸீ சால்ட் முழுச் சாம்பலாகிவிட்டது. ரெயின்வாஷ்டு அடங்கினாலும் பச்சையென்றே தெரிந்தது. ஆனால் மேற்குப் படுக்கையறையில் எதிர்பாராத ஒன்றைக் கண்டோம். மாலை வெயில் நேராக விழும் நேரத்தில் ரெயின்வாஷ்டு மங்கலான பச்சையாகி அழகு குன்றியது. வெயில் மறைந்து விளக்கேற்றும் முன் உள்ள அந்த இடைநேரத்தில் அதே பலகை நீலமாக, சற்று ஒளிர்வது போலக்கூடத் தெரிந்தது. ஸீ சால்ட் அந்த அறையில் எந்த நேரத்திலும் பெரிதாக மாறவில்லை.

குகை நண்பரின் யோசனையும் நியாயமானதுதான். கலந்த பிறகு கலவைச் சீட்டைப் பத்திரப்படுத்திக்கொள்வதாக முடிவு செய்திருக்கிறோம்.

இன்னும் இரண்டு ஐயங்கள். சுவர்கள் பழைய சுண்ணாம்புப் பூச்சு. பல முறை வெள்ளை அடித்த அடுக்குகள் மேலே உள்ளன. இவற்றின் மேல் வெளிர் நிறம் சரியாக நிற்குமா? ரெயின்வாஷ்டு கூடத்துக்கு ஒரு படி அழுத்தமாக இருக்கிறது என்று மனைவி கருதுகிறார். அதையே சற்று வெளுக்கச் சொல்லிக் கலக்க முடியுமா?

பதில்: பெயின்டிங் ஒப்பந்ததாரர், கன்னங்குறிச்சி

ஐயா, ஏற்காட்டுப் பழைய வீடுகளில் வண்ணம் கெடுவதற்கு முதல் காரணம் நிறத் தேர்வு அல்ல, ஓதம். வெள்ளை அடித்த அடுக்குகளின் மேல் நேரடியாக எமல்ஷன் அடித்தால், அடியில் உள்ள சுண்ணாம்பு மாவாக உதிர்ந்து, மேல்தோல் பட்டை பட்டையாக உரிந்துவரும். பழைய அடுக்குகளைச் சுரண்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, தூசியைக் கழுவி, சுவர் நன்றாக உலர்ந்த பிறகே பிரைமர் அடிக்க வேண்டும். மார்ச், ஏப்ரல் மாதங்களை விட்டால் மலையில் சுவர் உலர்வதற்கு நல்ல காலம் கிடைப்பது அரிது.

வெளிர் நீலப்பச்சைக்கு என்று தனியாகச் சில கவனங்கள் உண்டு. ஈரம் உள்ள இடம் அடர்ந்து தெரிவதால், அடர்நிறச் சுவரில் மறைந்துபோகும் ஓதத் திட்டு இந்த நிறங்களில் மஞ்சளாகவும் பழுப்பாகவும் எடுத்துக் காட்டும். கறுப்புப் பூசணம் இருந்தால் பிளீச்சிங் பவுடர் கரைசலால் கழுவி, அலசி, உலரவிட்டபிறகே வேலையைத் தொடங்க வேண்டும். அதன் மேல் வண்ணம் அடித்து மறைக்கலாம் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். பட்டி பார்த்த இடமும் பார்க்காத இடமும் வண்ணத்தை வெவ்வேறு அளவில் உறிஞ்சும். ஆகவே பட்டி பார்த்தால் சுவர் முழுவதும் பார்த்து, அதன் மேல் மீண்டும் ஒரு கோட்டுப் பிரைமர் அடிக்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் சாய்வான காலை வெளிச்சத்தில் இரண்டு பச்சைகள் தெரியும்; இரண்டு வண்ணங்களில் எதைத் தேர்ந்தெடுப்பது என்று இவ்வளவு ஆராய்ந்ததற்குப் பொருளே இல்லாமல் போய்விடும்.

பளபளப்பைப் பொறுத்தவரை, சுண்ணாம்புச் சுவரின் மேடுபள்ளங்களை மேட் வகையே மறைக்கும். மேட் வகையில் நிறமும் ஒரே சீராகத் தெரியும். பளபளப்புக் கூடிய வகையில் ஜன்னலின் பிரதிபலிப்பு சுவரில் விழுந்து, அந்த இடம் வெளுத்துக் காட்டும்.

பதில்: ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர், அஸ்தம்பட்டி

படுக்கையறையில் நீங்கள் கண்டது எதிர்பார்க்கக்கூடியதே. விளக்கேற்றும் முன் உள்ள மங்கிய ஒளியில் மேற்கு வானத்தின் செம்மை போய், மேலே உள்ள நீல வானத்தின் ஒளி மட்டுமே மிஞ்சுகிறது. அத்துடன், ஒளி குறையக் குறைய நம் கண்ணின் உணர்திறன் 555 நானோமீட்டரிலிருந்து 507 நானோமீட்டரை நோக்கி நகர்வதால், நீலப்பச்சை மற்ற நிறங்களைவிடப் பிரகாசமாகத் தோன்றும். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செக் நாட்டு அறிஞர் பூர்கின்யே கண்டறிந்த மாற்றம் இது. தரையின் சிவப்பு அதே நேரத்தில் கறுத்துத் தெரிந்திருக்கும். அடுத்த முறை கவனித்துப் பாருங்கள். அந்த அறைக்கு ஸீ சால்ட்டே பொருத்தம் என்று எனக்கும் தோன்றுகிறது.

விளக்குக்கு 3500 அல்லது 4000 கெல்வின் வகையைத் தேர்ந்தெடுங்கள். நிறங்களை உள்ளபடி காட்டும் திறன் (சி.ஆர்.ஐ.) 90 அல்லது அதற்கு மேல் என்று அட்டைப் பெட்டியில் அச்சிட்டிருப்பதைக் கேட்டு வாங்கினால், தேக்கின் செம்மையும் சுவரின் பச்சையும் ஒருங்கே நன்றாக விளங்கும். இரண்டு அறைகளுக்கும் இடையே கதவு திறந்தே இருக்கும் என்றால் இரண்டிலும் ஒரே வகை விளக்கை மாட்டுவது அவசியம்.

பதில்: பெயின்ட் வணிகர், செவ்வாய்ப்பேட்டை

வெளுக்கச் சொல்லிக் கலக்கலாம். கலவையில் உள்ள எல்லாச் சாயங்களையும் ஒரே விகிதத்தில் குறைத்து, முக்கால் பங்காக அடிக்கும்படி எந்திரத்துக்குச் சொன்னால் போதும். அப்போது வெளிச்சம் திருப்பும் அளவு ஸீ சால்ட்டின் அளவை நெருங்கும். ஆனால் சாயல் ரெயின்வாஷ்டின் பக்கமே நிற்கும். இரண்டு அறைகளிலும் வெளுப்பு ஏறக்குறைய ஒன்றாக இருந்து, சாயல் மட்டும் மாறுவது, கதவு வழியாகப் பார்க்கும்போது நன்றாகவே இருக்கும். அரைப்பங்குக்குப் போகாதீர்கள்; நிறமும் பாதியாகி, பனி நாளில் நீங்கள் தவிர்க்க நினைத்த அதே சாம்பல் வந்து சேரும்.

முதலில் ஒரு லிட்டர் மட்டும் முக்கால் பங்கில் கலந்து, புதிய பலகையில் இரண்டு கோட்டு அடித்து, மனைவியாரிடம் பனி மூடிய ஒரு பிற்பகலில் காட்டுங்கள். அவருக்குப் பிடித்திருந்தால் கலவைச் சீட்டுடன் கடைக்கு வாருங்கள்; பேஸின் பெயர், சாயங்களின் அளவு, கலந்த தேதி ஆகிய மூன்றும் அந்தச் சீட்டில் இருக்கின்றனவா என்று வாங்கும்போதே சரிபார்த்துக்கொள்ளுங்கள்.